கூலிப் பலகைக்குக் கீழே எழுதிய தேதிகள்

2021 பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், நெய்த துணியைச் சங்கத்தில் போட வந்த நெசவாளர்கள் எல்லாரும் போன பிறகு மேலாளர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். வருமான வரித் துறையிடமிருந்து வந்தது. 2018-19ஆம் நிதியாண்டுக்கு எங்கள் சங்கம் கட்ட வேண்டிய வரி, வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 67 ஆயிரம் ரூபாய் சொச்சம் என்று இருந்தது. அந்த ஆண்டு சங்கத்துக்கு வந்த மொத்த லாபமே 6 லட்சத்து 40 ஆயிரம்தான். அதிலிருந்துதான் போனஸ் கொடுத்திருந்தோம். தறிக்காரர்களின் பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணி வந்த பணம் அது.

"கூட்டுறவு சங்கத்துக்கு வரியே கிடையாதுன்னு சொன்னாங்களே?" என்று கேட்டேன். "கிடையாதுங்க தலைவரே. ஆனா தேதிக்குள்ள கணக்கு போட்டிருக்கணுமாம்" என்றார் மேலாளர்.

சேலம் அம்மாபேட்டைப் பக்கம் உள்ள ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவு சங்கத்துக்கு 2018 முதல் 2023 வரை தலைவராக இருந்தேன். சங்கத்தின் பெயரும் மற்றவர்கள் பெயரும் இங்கே வேண்டாம். நான் படித்தது பத்தாம் வகுப்பு. பதினாறு வயதில் குழித்தறியில் காலை விட்டவன். தேர்தலில் போட்டியில்லாமல் தேர்வானேன். நாற்காலியில் உட்கார்ந்த முதல் வருடம் மேலாளர் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். எதில் போடுகிறேன் என்று கேட்கவில்லை. அந்த ஒரு வருடத்துக்கான விலைதான் அந்தத் தாள்.

பால் சங்கம், தொடக்க வேளாண்மைச் சங்கம், சிக்கன நாணயச் சங்கம் என்று எதிலாவது நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லித்தர அன்றைக்கு யாரும் இல்லை.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் கூட்டுறவு சங்கங்களுக்கு 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவு சங்கங்கள் சட்டமும் 1988ஆம் ஆண்டு விதிகளும்தான் அடிப்படை. பதிவாளர் என்று சட்டம் சொல்லும் அதிகாரத்தை ஒவ்வொரு வகைச் சங்கத்துக்கும் ஒவ்வொரு துறை வைத்திருக்கிறது. எங்களுக்குக் கைத்தறித் துறை. பால் சங்கத்துக்குப் பால்வளத் துறை. ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்காக 1981ல் தொடங்கிய சேகோசர்வ் போன்ற தொழிற்கூட்டுறவு சங்கங்களுக்குத் தொழில் வணிகத் துறை. கடன் சங்கங்களுக்குக் கூட்டுறவுத் துறை. நாம் எழுதும் கடிதம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதே இதைப் பொறுத்துத்தான். வாழப்பாடி பக்கம் பால் சங்கத்தில் இருக்கும் என் மைத்துனரும் நானும் ஒரே சட்டத்தைப் பற்றிப் பேசினாலும் எங்கள் அலுவலகங்கள் வேறு வேறு.

கணக்கு மார்ச் 31ல் முடியும். அன்றிலிருந்து ஆறு மாதம், அதாவது செப்டம்பர் 30 என்ற தேதியை எங்கே வேண்டுமானாலும் எழுதி வையுங்கள். அதற்குள் தணிக்கை முடிய வேண்டும், உறுப்பினர்கள் எல்லாரும் உட்காரும் ஆண்டுப் பேரவை கூட வேண்டும், பதிவாளருக்கு ஆண்டு விவரங்கள் போக வேண்டும். 2012 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த 97ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இந்த விவரங்கள் என்னென்ன என்று ஒரு பட்டியலே போட்டது. ஆண்டு நடவடிக்கை அறிக்கை, தணிக்கை முடிந்த கணக்கு, உபரியை எப்படிப் பிரிப்பது என்று பேரவை ஒப்புக்கொண்ட திட்டம், துணை விதிகளைத் திருத்தியிருந்தால் அந்தத் திருத்தங்கள், பேரவை எந்தத் தேதியில் கூடியது, தேர்தல் நடக்க வேண்டியிருந்தால் நடந்ததா என்ற உறுதிமொழி, இவற்றோடு பதிவாளர் கேட்கும் வேறு எந்தத் தகவலும். பார்த்தால் ஏழெட்டுத் தாள்தான். ஆனால் ஒவ்வொரு தாளும் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தணிக்கை முடியாமல் பேரவையில் வைக்கக் கணக்கு இருக்காது. பேரவை கூடாமல் உபரியைப் பிரிக்க முடியாது. உபரியைப் பிரிக்காமல் பங்கு ஈவு கிடையாது. ஒரு இழை அறுந்தால் தறி நிற்கிற மாதிரிதான் இதுவும்.

எங்களுக்கு அறுந்த இழை தணிக்கை. 2019 மே மாதமே தணிக்கை செய்து தரும்படி கடிதம் கொடுத்துவிட்டோம். ஆனால் ஒரு தணிக்கையாளர் கையில் பல சங்கங்கள். எங்கள் முறை வந்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. வந்தவர் முதல் நாளே பட்டு இருப்பைக் கேட்டார். இருப்புப் பதிவேட்டில் 41 கிலோ 300 கிராம். அலமாரியில் இருந்ததையும் நெசவாளர் கையில் இருந்ததையும் கூட்டினால் 39 கிலோ 150 கிராம். மீதி எங்கே?

யாரும் திருடவில்லை. முறுக்கிலும் சாயத்திலும் போன சேதாரத்தை இரண்டு வருடமாகப் பதிவேட்டில் கழிக்காமல் விட்டிருந்தோம். ஆனால் கழித்த தாள் இல்லையென்றால் தணிக்கையாளர் எதை நம்புவார்? தேடி, எழுதி, பழைய சாயப்பட்டறை ரசீதுகளைத் தூசி தட்டி எடுத்து, அவர் மறுபடி வந்து பார்த்து, கையெழுத்தாகித் தணிக்கைச் சான்று கைக்கு வரும்போது 2020 பிப்ரவரி. மார்ச்சில் வருமான வரி விவரம் தாக்கல் செய்தோம்.

அங்கேதான் மாட்டினோம். வருமான வரிச் சட்டத்தில் 80-பி (80P) என்ற பிரிவு குடிசைத் தொழில் செய்யும் கூட்டுறவு சங்கங்களின் அந்த வருமானம் முழுவதையும் கழித்துக்கொள்ள விட்டது. மேலாளருக்கு இது தெரியும். எங்களுக்குக் கணக்கு எழுதித் தந்தவருக்கும் தெரியும். ஆனால் 2018ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 80-ஏசி பிரிவை விரித்து, உரிய தேதிக்குள் விவரம் தாக்கல் செய்தால்தான் இந்தக் கழிவு என்று ஆக்கிவிட்டது. வேறு சட்டத்தின்படி தணிக்கை கட்டாயமாக உள்ள சங்கங்களுக்கு அந்த ஆண்டில் அந்த உரிய தேதி அக்டோபர் 31. "தணிக்கை வரட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்று எங்கள் கணக்காளர் சொன்னதைப் பழைய வழக்கப்படி நாங்களும் சரி என்று விட்டோம். ஒரு சட்டத்தின் தாமதம் இன்னொரு சட்டத்தில் போய் அபராதமாக விடியும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்றும் நடந்தது. அந்த வரி அறிவிப்பு வந்தது 2020 டிசம்பரில். நான் பார்த்தது 2021 பிப்ரவரியில். வருமான வரி இணையதளத்தில் எங்கள் சங்கத்துக்குக் கொடுத்திருந்த மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் எங்களுடையதே இல்லை, கணக்காளருடையது. அவருடைய நூற்றுக்கணக்கான அஞ்சல்களுக்குள் எங்கள் அறிவிப்பு இரண்டு மாதம் கிடந்திருக்கிறது. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் கெடு. கொரோனாவை முன்னிட்டு உச்ச நீதிமன்றம் எல்லாக் கெடுக்களையும் நீட்டி வைத்திருந்ததால் எங்கள் மேல்முறையீட்டை வாங்கினார்கள். சாதாரண காலமாக இருந்தால் அந்தக் கதவு மூடியே போயிருக்கும்.

நீங்கள் இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சங்கத்தின் வருமான வரி, ஜி.எஸ்.டி., பி.எஃப். கணக்குகளில் யாருடைய கைப்பேசி எண் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்று சங்கத்தின் எண், இரண்டாவதாக வேண்டுமானால் கணக்காளர் எண். கடவுச்சொல்லை எழுதி மூடிய உறையில் போட்டுப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வையுங்கள். தலைவர் மாறலாம், மேலாளர் ஓய்வு பெறலாம், சங்கம் அங்கேயேதான் இருக்கும்.

அந்தத் தாளோடு வீட்டுக்குப் போன ராத்திரி தூக்கமில்லை. மறுநாள் நிர்வாகக் குழுவைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கலாம், மேல்முறையீடு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். நான் ஒப்பவில்லை. அது உறுப்பினர்களின் பணம். அவர்களுக்குத் தெரியாமல் அதன் தலைவிதியை நாங்கள் எழுத முடியாது.

அந்த வருடப் பேரவை எனக்கு மறக்காது. ஆடி மாதத்தில் கூட்டலாம் என்றார் மேலாளர். மாரியம்மன் பண்டிகை வாரத்தில் யார் வருவார்கள்? ஆவணிக்குத் தள்ளினோம். பாவு (தறியின் நீளவாட்டு நூல்) ஓடும் கூடத்தில் பாய் விரித்து, இடைவெளி விட்டு, முகக்கவசத்தோடு உட்கார்ந்தார்கள். அதுவரை எங்கள் பேரவை எப்படி நடக்கும் என்றால், "கணக்கு படிக்கப்பட்டது, ஏற்கப்பட்டது" என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி, அப்புறம் வடையும் டீயும். அன்றைக்குத் தணிக்கை அறிக்கையை முதல் வரியிலிருந்து நானே சத்தமாகப் படித்தேன். குறைபாடுகள் பகுதியையும் விடவில்லை. ரசீது இல்லாத செலவு 4,312 ரூபாய் என்று வந்த இடத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அது என்ன செலவு தம்பி?"

அறுபது வயதைத் தாண்டிய அக்கா ஒருவர். கணவர் இறந்த பிறகு அவர் தறியில் உட்கார்ந்து இருபது வருடமாக நெய்பவர். இதுவரை பேரவையில் வாயைத் திறந்ததில்லை.

"கண்காட்சிக்குச் சரக்கு ஏத்திட்டுப் போன வண்டி வாடகைங்கக்கா. டிரைவர்கிட்ட ரசீது வாங்காம விட்டுட்டோம்."

"நாலாயிரம்னா எனக்கு எத்தனை நாள் கூலி தெரியுமா? அடுத்த தடவை வாங்கிருங்க."

அவ்வளவுதான் சொன்னார். கோபம்கூட இல்லை. ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் 4,312 என்பது அந்த நிமிடம் நாள் கணக்காக மாறிவிட்டது. இந்த அறிக்கைகளையெல்லாம் அதிகாரிகளுக்காக எழுதுகிறோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பதிவாளருக்குப் போகும் பிரதியும் வரி அலுவலகத்துக்குப் போகும் பிரதியும் இந்த அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதிலின் நகல்கள். தன் சங்கத்தின் புத்தகங்களையும் கணக்கையும் கேட்டுப் பார்க்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. கேட்காமல் இருப்பது அவர்கள் நம்மேல் வைத்த நம்பிக்கை.

அந்தப் பேரவைக்குப் பிறகுதான் பலகை வந்தது. சங்கத்தில் நுழைந்ததும் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. எந்த ரகத்துக்கு என்ன கூலி என்று அதில் எழுதியிருக்கும். துணி போட வரும் யாரும் அதைப் பார்க்காமல் போக மாட்டார்கள். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டுத் தேதிகளை எழுதச் சொன்னேன். மாதம் 15 பி.எஃப்., 20 ஜி.எஸ்.டி., காலாண்டு டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி), செப்டம்பர் 30 தணிக்கை, பேரவை, ஆண்டு விவரம், அக்டோபர் 31 வருமான வரி. முடிந்ததும் பக்கத்தில் டிக் போட்டு, ஒப்புகை எண்ணையும் எழுத வேண்டும். மேலாளருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "ஆபீஸ் வேலையைத் தெருவுக்குக் கொண்டுபோறீங்க" என்றார். எனக்கு அவர் மேல் வருத்தமில்லை. முப்பது வருடம் நேர்மையாக வேலை பார்த்தவர். வேலை அவர் தலைக்குள்ளேயே இருந்தது என்பதுதான் சிக்கல். அவருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் சங்கத்துக்கே காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டே மாதத்தில் நெசவாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். "தலைவரே, இருபது தாண்டிருச்சே, டிக் காணோம்?" அந்த ஒரு கேள்விக்கு முன்னால் எந்த அதிகாரியின் நினைவூட்டுக் கடிதமும் நிற்காது.

ஜி.எஸ்.டி., டி.டி.எஸ். பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. விற்பனையே இல்லாத மாதத்திலும் ஜி.எஸ்.டி. விவரம் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும். டி.டி.எஸ். விவரம் தாமதமானால் ஒரு நாளுக்கு 200 ரூபாய், பிடித்த தொகையின் அளவு வரை. ஒருமுறை எங்களுக்கு 41 நாள் தாமதமானது. பெரிய தொகை பிடித்திருந்த காலாண்டு என்பதால் கட்டணமும் முழுசாக விழுந்தது. அதோடு புத்தி வந்தது.

மார்ச் 31 பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இருப்புக் கணக்கு சரியாக இருந்தால் தணிக்கையில் பாதி வேலை முடிந்தது என்று 2019ல் அடிபட்டுக் கற்றுக்கொண்டோம். 2021 முதல் ஒவ்வொரு மார்ச் 31 அன்றும் குழு உறுப்பினர்கள் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து வீடு வீடாகப் போனோம். அலமாரிக்குள் இருக்கும் பட்டை எடை போடுவது எளிது. தறியில் ஏறிவிட்ட பாவு நூலை என்ன செய்வது? ஒவ்வொரு தறியாகக் குனிந்து, படமரத்தில் சுற்றிய துணி எத்தனை முழம், நெய்யாமல் பாக்கி நிற்கும் பாவு எத்தனை முழம், தார்க்குச்சியில் மீதி இருக்கும் குறுக்கு நூலான ஊடை எவ்வளவு, கொடுத்த ஜரிகையில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து எழுதினோம். நெசவாளர் கையெழுத்து, எங்கள் கையெழுத்து, நேரம். கரண்ட் போன ஒரு வீட்டில் அந்த வீட்டுப் பையன் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவன் அப்பா முழம் போட்டுச் சொல்ல, நான் எழுதினேன். சேதாரத்துக்குத் தனி நோட்டு. சாயத்துக்கு அனுப்பிய எடை, திரும்பி வந்த எடை, வித்தியாசம் எல்லாம் அன்றைக்கன்றைக்கே அதில் ஏறும். ஏப்ரல் முதல் வாரத்தில் இருப்புப் பட்டியல் தயார். அடுத்த தணிக்கையில் எங்கள் முறை வந்ததும் நான்கு நாளில் முடிந்தது.

தணிக்கைக் கடிதத்தையும் ஏப்ரலிலேயே கொடுத்துவிடுவோம். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை, தேதி, கையெழுத்து. அஞ்சலில் அனுப்பினால் ஒப்புகை அட்டை. இரண்டையும் தபால் பதிவேட்டில் ஒட்டி வைப்போம். ஜூனில் ஒரு நினைவூட்டு, ஆகஸ்டில் இன்னொன்று. இதையும் மீறித் தணிக்கை தள்ளிப்போனால்? 2021ல் மாற்றிய புதிய ஆடிட்டர் எங்களுக்கு ஒரு வழி காட்டினார். கையில் இருக்கும் கணக்கைக் கொண்டு உரிய தேதிக்குள் வருமான வரி விவரத்தைத் தாக்கல் செய்துவிடுவது, தணிக்கை முடிந்து ஏதாவது மாறினால் திருத்திய விவரம் போடுவது. திருத்தத்துக்கும் ஒரு கடைசி நாள் உண்டு என்பதால் அதையும் பலகையில் ஏற்றினோம். உங்கள் சங்கத்துக்கு இது பொருந்துமா என்று உங்கள் ஆடிட்டரிடம் ஆகஸ்டிலேயே கேட்டுவிடுங்கள். அக்டோபர் 30 அன்று கேட்டால் அவரால் தலையை மட்டும்தான் ஆட்ட முடியும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்திருப்பதால் பழைய பிரிவு எண்களை வைத்துத் தேட வேண்டாம். கூட்டுறவு சங்கக் கழிவு என்று சொல்லிக் கேளுங்கள்.

2021 ஜூலையில் ஒரு குழப்பம் வந்தது. 97ஆவது திருத்தத்தின் கூட்டுறவுப் பகுதி மாநிலச் சங்கங்களுக்குச் செல்லாது என்று ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாதி மாநிலங்களின் ஒப்புதல் வாங்காமல் கொண்டுவந்தார்கள் என்பதுதான் காரணம். ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கு மட்டும் அது செல்லும் என்று விட்டது. செய்தி வந்த வாரமே எங்கள் வட்டாரத்தில், "இனிமே ஆறு மாசக் கெடுவெல்லாம் கிடையாதாம்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆவலோடு என்னிடமும் ஒருவர் சொன்னார். தமிழ்நாடு தன் சட்டத்தைத் தானே ஏற்கெனவே திருத்திக்கொண்டிருந்தது. மாநிலச் சட்டத்தில் தணிக்கையும் பேரவையும் நின்ற இடத்தில்தான் நின்றன. வரிச் சட்டத்தின் அக்டோபர் 31க்கும் இந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தமே இல்லை. டீக்கடைப் பேச்சை நம்பி ஒரு வருடத்தைக் கோட்டைவிட்ட சங்கங்களுக்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். குடியிருப்போர் நலச் சங்கம், கோயில் விழாச் சங்கம் போன்றவை நடத்துபவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருவார்கள். அவை பெரும்பாலும் 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவானவை. பெயரில் சங்கம் இருந்தாலும் அவை கூட்டுறவு சங்கங்கள் ஆகா. அவற்றுக்கும் ஆண்டுப் பேரவை உண்டு, கணக்கு, உறுப்பினர் பட்டியல் தாக்கல் உண்டு, நிர்வாகக் குழுவின் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. பதிவுச் சான்றிதழில் எந்தச் சட்டம் என்று முதலில் படித்துவிட்டு அப்புறம் யோசனை கேளுங்கள்.

பதவிக்கு வருபவர்களைப் பயமுறுத்த வேண்டும் என்பது என் எண்ணமில்லை. ஆனால் தெரிந்து வர வேண்டும். கூட்டுறவு சங்கங்கள் சட்டத்தின் 80ஆவது பிரிவு தணிக்கை. 81 விசாரணை. 82 ஆய்வு. 87 தண்டத்தீர்வை. இந்தக் கடைசிப் பிரிவுதான் நாற்காலியில் இருப்பவரின் சொந்தப் பையைத் தொடும். சங்கப் பணத்தைக் கையாடியவர் மட்டுமில்லை, வேண்டுமென்றே அலட்சியமாக இருந்து சங்கத்துக்கு இழப்பு வரவைத்தவரும் அந்தத் தொகையை வட்டியோடு கட்ட நேரிடும். 2 லட்சத்து 67 ஆயிரத்தைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வராததற்கு இதுவும் ஒரு காரணம். தணிக்கைக் குறைபாடுகளுக்கு நிவர்த்தி அறிக்கை அனுப்புவதை ஒரு சடங்காகச் செய்யாதீர்கள். "வருங்காலத்தில் சரிசெய்யப்படும்" என்று எழுதாமல், எந்தத் தேதியில் என்ன செய்து சரியானது என்று ரசீது நகலோடு எழுதுங்கள். கூட்டத்தில் ஒரு தீர்மானத்தில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் அதைத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

மேல்முறையீடு நகராமல் கிடந்தது. இதற்கிடையே வைப்புத்தொகை வட்டியில் பிடித்த டி.டி.எஸ். எங்களுக்குத் திரும்ப வர வேண்டியதையும் இந்த நிலுவையில் கழித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பேரவையிலும் எழுந்து நிலவரம் சொல்வேன். சொல்ல ஒன்றுமே இல்லாத வருடத்திலும் ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

எங்கள் பதவிக்காலம் முடியச் சில வாரமே இருந்தபோது ஆடிட்டர் கூப்பிட்டார். மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஜூலை 26 அன்று 13/2023 என்ற சுற்றறிக்கை விட்டிருக்கிறது என்றார். 2018-19 நிதியாண்டும் அதற்குள் அடங்கும். மாநிலச் சட்டப்படி நடக்க வேண்டிய தணிக்கை தாமதமானதால் வரி விவரமும் தாமதமான கூட்டுறவு சங்கங்கள், தாமதத்தை மன்னிக்கும்படி தலைமை ஆணையரிடம் மனுக் கொடுக்கலாம். எங்களைப் போல எத்தனையோ சங்கங்கள் இதில் மாட்டியிருந்தன என்பது அப்போதுதான் புரிந்தது.

"தாமதம் நம்ம கையில இல்லைன்னு காட்டத் தாள் இருக்குங்களா?" என்று கேட்டார்.

தபால் பதிவேடு ஞாபகத்துக்கு வந்தது. 2019ல் பலகையும் கிடையாது, நினைவூட்டும் கிடையாது. ஆனால் அந்தக் காலத்தில் எழுத்தராக இருந்த பெண் ஒருவர் எதையும் ஒட்டி வைக்கும் பழக்கம் உள்ளவர். கல்யாணமாகி ஓமலூருக்குப் போய்விட்டார். பழைய பதிவேட்டைப் பரணிலிருந்து இறக்கினோம். ஓரம் கரையான் அரித்திருந்தது. 2019 மே மாதப் பக்கத்தில், தணிக்கை கோரிய எங்கள் கடிதத்தின் நகல். அதன் மூலையில் வட்ட முத்திரை, ஊதா மை, தேதி, பெற்றவரின் சுருக்கொப்பம். அரிப்பு அதற்கு இரண்டு விரல் தூரத்தில் நின்றிருந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அன்று ராத்திரி அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து நன்றி சொன்னேன். எதற்கு என்றே அவருக்கு நினைவில்லை.

மனுவில் எல்லாவற்றையும் எழுதினோம். கடிதம் கொடுத்த தேதி, தணிக்கையாளர் வந்த தேதி, சேதாரக் கணக்கால் ஆன தாமதம், சான்று கிடைத்த தேதி. சேதார விஷயத்தை விட்டுவிடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. அது எங்கள் பக்கத்துத் தவறு, அதையும் உள்ளபடியே எழுதச் சொன்னேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்தாவது நாள் பதவிக்காலம் முடிந்தது. எங்களுக்குப் பதிலாக அரசு போட்ட தனி அலுவலரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது சாவி, பதிவேடுகளோடு ஒரு தாளும் கொடுத்தேன். எந்த விவரம் எந்தத் தேதிக்கு, எது பாக்கி, எந்த மனு எந்த அலுவலகத்தில், கடவுச்சொல் உறை எங்கே என்ற பட்டியல். என் கையில் அப்படி ஒரு தாளை 2018ல் யாரும் கொடுக்கவில்லை.

2024 தொடக்கத்தில் மேலாளர் வீட்டுக்கே வந்தார். தாமதத்தை மன்னித்து உத்தரவு வந்துவிட்டது என்றார். திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தோம். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை.

நான் மறுபடி தறிக்கே வந்துவிட்டேன். அந்த வருடம் அக்டோபர் மூன்றாம் வாரம், ஒரு பாவு முடித்து வேட்டிகளைப் போடப் போயிருந்தேன். எனக்கு முன்னால் அந்த அக்கா நின்றிருந்தார். துணியைக் கொடுத்துவிட்டுப் பலகையைப் பார்த்தார். அக்டோபர் 31க்குப் பக்கத்தில் டிக் இருந்தது, அதன் பக்கத்தில் நீளமாக ஒரு ஒப்புகை எண். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்து அந்த எண்ணை ஒவ்வொன்றாகப் படித்து முடித்துவிட்டு, கூலியை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினார்.